பி.டி.எஃப். ஆவணம்: அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவம், 2008-இல் ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டதால், அதனை உருவாக்கக் கட்டண மென்பொருள் தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளே போதுமானது.

தமிழ் ஆவணங்களில் முதலில் பார்க்கவேண்டியது எழுத்துருவே. எழுத்து வடிவங்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க இயலுவதால், பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிடினும் பக்கம் சிதையாமல் தோன்றும். ஆயினும், தோற்றம் சரியாக இருப்பது மட்டும் போதாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஆகவே, திரையில் ‘அம்மா’ எனத் தெரியும் சொல், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டப்படும்போது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே விழுவதோடு, தேடலிலும் அகப்படாது. எனவே ஒருங்குறியில், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் வழங்கும் முறையில், தட்டச்சு செய்து மாற்றுவதே முறை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அப்போதுதான் அதைச் சரியாகப் படிக்கும்.

ஆதார் எண் போன்றவற்றின்மேல் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பாகாது. அடியில் உள்ள எண் கோப்பிலேயே இருப்பதால், எவரும் அதை நகலெடுத்துவிடலாம். மூலக் கோப்பிலேயே எண்ணை நீக்கிவிட்டு, அதன்பின் பி.டி.எஃப். ஆக மாற்றவேண்டும்.

பத்திரம், சான்றிதழ் முதலிய நெடுங்காலம் காக்கவேண்டியவற்றுக்கு, ஏற்றுமதிச் சாளரத்தில் ஆவணக்காப்புக்குரிய பி.டி.எஃப்./ஏ வகையைத் தேர்ந்தெடுத்தல் நலம்.