மார்ச் 2020: பயத்துல மக்கள் பணத்தை என்ன பண்ணாங்க? சம்பளம் வாங்குறவங்களுக்கு 4 பாடங்கள்



2020 மார்ச் மாசத்துல உங்கள்ல பல பேர் காலேஜ்லயோ ஸ்கூல்லயோ இருந்திருப்பீங்க. ஊரடங்கு ஞாபகம் இருக்கும், ஆன்லைன் கிளாஸ் ஞாபகம் இருக்கும். ஆனா அந்த நாட்கள்ல வீட்டுப் பெரியவங்க எடுத்த பண முடிவுகள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. இன்னைக்கு சம்பளம், வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் உங்க பேர்லயே ஓடுது. அடுத்த நெருக்கடி ஒரு கிருமியாதான் வரணும்னு இல்ல. கம்பெனியில ஆள் குறைப்புன்னு ஒரு மெயில் வந்தாலே போதும், பயம் அதே மாதிரிதான் இருக்கும்.

அதனால கொரோனாவோட முதல் சில வாரங்கள்ல மக்கள் எப்படி நடந்துக்கிட்டாங்க, ஒவ்வொரு முடிவுக்கும் என்ன விலை கொடுத்தாங்கன்னு இந்தக் கட்டுரையில கணக்கோட பார்ப்போம்.

முதல்ல தேதிகள்

• ஜனவரி 20: நிஃப்டி 12,430 வரைக்கும் போய் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.
• ஜனவரி 30: இந்தியாவின் முதல் கொரோனா தொற்று கேரளாவில் உறுதியானது.
• மார்ச் 5: யெஸ் பேங்க் மேல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஒருத்தர் 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது.
• மார்ச் 11: உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்றுன்னு அறிவித்தது.
• மார்ச் 23: சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,934 புள்ளிகள், அதாவது 13% சரிந்தது. நிஃப்டி 7,610ல் முடிந்தது.
• மார்ச் 24: ராத்திரி 8 மணிக்கு 21 நாள் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிப்பு.
• மார்ச் 27: கடன் தவணைகளை மூணு மாசம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி.

உச்சத்துல இருந்து 7,610க்கு வர சந்தைக்கு ரெண்டு மாசம்தான் ஆச்சு. அதே ரெண்டு மாசத்துலதான் மக்களோட மனநிலையும் "சீனாவுல ஏதோ காய்ச்சலாம்" என்பதுல இருந்து "அரிசி இருக்கா?" என்பதுக்கு மாறுச்சு.

பாடம் 1: கூட்டத்தோட பயம், ஆபத்தைப் பெருசாக்கும்

பிப்ரவரி, மார்ச்ல வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி சுத்துச்சு: கோழிக்கறி சாப்பிட்டா கொரோனா வரும்னு. ஆதாரம் எதுவும் இல்ல. ஆனா மக்கள் கறிக்கடைப் பக்கம் போறதை நிறுத்தினாங்க. கறிக்கோழி விலையும் முட்டை விலையும் சரிந்தது. நாமக்கல் பண்ணைக்காரங்களுக்குப் பெரிய அடி. கோழியில ஒரு குறையும் இல்ல, வாங்க வந்தவங்க மனசுலதான் பயம். கொஞ்ச வாரம் கழிச்சு பயம் தெளிஞ்சதும் விலை மறுபடி ஏறுச்சு.

அதே நேரத்துல மாஸ்க்கும் சானிடைசரும் கிடைக்கல. கிடைச்ச இடத்துல விலை தாறுமாறு. கடைசியில மத்திய அரசே தலையிட்டு மூணு அடுக்கு மாஸ்க் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்னு உச்ச விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது.

இன்னொரு உதாரணம். ஏப்ரல் 26ல இருந்து சென்னை, கோவை, மதுரையில நாலு நாள் முழு ஊரடங்குன்னு தமிழக அரசு அறிவித்தது. அதுக்கு முந்தின நாள், 25ஆம் தேதி, காய்கறி மார்க்கெட்லயும் மளிகைக் கடையிலயும் கூட்டம் அலைமோதுச்சு. யாரும் முட்டாள் இல்ல. ஒவ்வொருத்தரும் அவங்க வீட்டுக்குச் சரியானதைத்தான் பண்ணாங்க. ஆனா எல்லாரும் ஒரே காலையில அதைப் பண்ணதால, எந்தக் கூட்டத்தைத் தவிர்க்க ஊரடங்கு போட்டாங்களோ அந்தக் கூட்டம் கடை வாசல்ல நின்னுச்சு.

பங்குச்சந்தையும் இப்படித்தான். "மத்தவங்க விக்கிறதுக்கு முன்னாடி நான் வித்துடணும்"னு எல்லாரும் நினைச்சா, விலை விழ வேற காரணமே தேவையில்ல. 2020 மார்ச்ல வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மட்டும் சுமார் 62,000 கோடி ரூபாய்க்கு இந்தியப் பங்குகளை நிகரமா வித்தாங்க.

பாடம் 2: சந்தை விழுந்த நாளைவிட, ஏறுன நாள்ல பண்ண தப்புதான் பெருசு

"சின்ன முதலீட்டாளர்கள் மார்ச்ல பயந்து வித்துட்டு ஓடிட்டாங்க"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. புள்ளிவிவரம் அப்படிச் சொல்லல. 2020 மார்ச்ல ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டுகளுக்குள்ள நிகரமா 11,000 கோடிக்கும் மேல பணம் வந்தது. எஸ்ஐபி மூலமா மட்டும் அந்த மாசம் 8,600 கோடி.

அப்போ எப்போ போனாங்க? சந்தை மீண்டு வரும்போது! 2020 ஜூலையில ஆரம்பிச்சு 2021 பிப்ரவரி வரைக்கும், தொடர்ந்து எட்டு மாசம் ஈக்விட்டி ஃபண்டுகள்ல உள்ளே வந்ததைவிட வெளியே போன பணம்தான் அதிகம். மாச எஸ்ஐபி தொகையும் ஜூன்லயே 8,000 கோடிக்குக் கீழ இறங்குச்சு.

சிலருக்கு சம்பளம் வெட்டு, வேலை போச்சு. அவங்க எடுத்ததுல தப்பே இல்ல. ஆனா இன்னொரு பெரிய காரணம், நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்குற ஒரு குரல்: "சாமி, போட்ட காசு வந்தா போதும், எடுத்துட்டு வந்துடலாம்." ரெண்டு மாசம் சிவப்பு நிறத்தைப் பார்த்த மனசு, பச்சை தெரிஞ்சதும் தப்பிக்கப் பார்க்கும்.

ஒரு கணக்கு. ஒருத்தர் நேரம் சரியில்லாம உச்சத்துலயே, நிஃப்டி 12,430ல் இருக்கும்போது, இண்டெக்ஸ் ஃபண்ட்ல 1 லட்சம் போட்டார்னு வைங்க.

• மார்ச் 23 அன்னைக்கு மதிப்பு: சுமார் 61,000 ரூபாய்.
• அன்னைக்கே வித்திருந்தா: 39,000 ரூபாய் நிரந்தர நஷ்டம்.
• ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா: நவம்பர்ல நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியப்போ முழு 1 லட்சமும் திரும்ப வந்திருக்கும்.
• வருஷக் கடைசியில நிஃப்டி 13,900க்கு மேல. அதாவது சுமார் 1.12 லட்சம்.

எஸ்ஐபி போடுறவங்களுக்கு இது இன்னும் சாதகம். நிஃப்டி 12,000ல் இருக்கும்போது 5,000 ரூபாய்க்கு 100 யூனிட் கிடைச்சுதுன்னா, மார்ச் கடைசியில 8,600ல் அதே 5,000க்கு கிட்டத்தட்ட 140 யூனிட் கிடைச்சிருக்கும். அந்த மாசம் எஸ்ஐபியை நிறுத்துறது, ஆடித் தள்ளுபடி அன்னைக்குக் கடைக்குப் போகாம இருக்குற மாதிரி.

ஆனா ஒரு எச்சரிக்கை. 2020ல சந்தை எட்டே மாசத்துல மீண்டு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு சீக்கிரம் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. 2008 ஜனவரி உச்சத்தை மறுபடி தொட சந்தைக்கு ரெண்டரை வருஷத்துக்கும் மேல ஆச்சு. காத்திருக்கணும்னா, அதுவரைக்கும் சாப்பிட வேற பணம் வேணும். அதுதான் அடுத்த பாடம்.

பாடம் 3: "கிடைக்குது" என்பதும் "தேவை" என்பதும் ஒண்ணு இல்ல

அரசும் ரிசர்வ் வங்கியும் அந்த மார்ச் கடைசியில ரெண்டு கதவைத் திறந்தாங்க.

ஒண்ணு, பிஎஃப். மூணு மாச அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது கணக்குல இருக்குறதுல 75%, இதுல எது குறைவோ அதை எடுத்துக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாம். சம்பளம் நின்னு போன குடும்பங்களுக்கு அது உயிர் காத்த பணம். அவங்களைப் பத்தி "ரிட்டயர்மென்ட் காசைத் தொட்டுட்டாங்க"ன்னு பேசுறது அநியாயம்.

ஆனா சம்பளம் முழுசா வந்துட்டு இருந்தும், "எதுக்கும் கையில இருக்கட்டும்"னு எடுத்தவங்களும் உண்டு. 25 வயசுல ஒருத்தர் 60,000 ரூபாய் எடுக்குறார்னு வைங்க. சராசரியா 8% வட்டின்னா, அதே பணம் 55 வயசுல சுமார் 6 லட்சமா ஆகியிருக்கும். இன்னைக்குக் கையில இருக்குற 60,000 கண்ணுக்குத் தெரியுது, அந்த 6 லட்சம் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது, இஎம்ஐ தள்ளிவைப்பு. முதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும், மொத்தம் ஆறு மாசம். "ஆறு மாசம் இஎம்ஐ கிடையாது"ன்னு நிறைய பேர் புரிஞ்சுக்கிட்டாங்க. தள்ளிவைப்புதான் அது, தள்ளுபடி இல்ல. வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

கணக்கைப் பாருங்க:

• வீட்டுக்கடன் 30 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 26,000.
• கடன் ஆரம்பிச்ச உடனே ஆறு மாசம் கட்டல. சேர்ந்த வட்டி சுமார் 1.3 லட்சம். அது அசல்ல சேருது.
• இஎம்ஐயை மாத்தாம தொடர்ந்தா, 240 தவணை 270 தவணையா ஆகும்.
• அதாவது அன்னைக்கு மிச்சமானது 1.56 லட்சம். பின்னாடி கூடுதலா கட்டுறது 30 தவணை, சுமார் 7.8 லட்சம்!

2 கோடி வரைக்குமான கடன்களுக்கு வட்டிமேல் வட்டியை அரசு பின்னாடி திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனா இந்தக் கணக்குல அது ரெண்டாயிரம் சொச்சம்தான் வரும். அசல் வட்டியை யாரும் தள்ளுபடி பண்ணல.

வேலை போனவருக்கு இந்த 7.8 லட்சம், வீட்டைக் காப்பாத்துறதுக்கான விலை. சம்பளம் வந்தவருக்கு அது சும்மா கொடுத்த விலை. ஒரே கதவு, ரெண்டு பேருக்கும் வேற வேற அர்த்தம்.

பாடம் 4: அமைதியா இருந்தவங்க தைரியசாலிங்க இல்ல, தயாரா இருந்தவங்க

மேல சொன்ன எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. யார் விக்காம இருந்தாங்க? யார் பிஎஃப்பைத் தொடாம இருந்தாங்க? யார் இஎம்ஐயை ஒழுங்கா கட்டினாங்க? பெரும்பாலும் அறிவாளிங்களோ துணிச்சல்காரங்களோ இல்ல. ஆறு மாசச் செலவுக்கு பேங்க்ல காசு இருந்தவங்க. பயம் அவங்களுக்கும் வந்துச்சு. ஆனா அந்த பயத்துல உடனே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்ல.

"பேனிக் ஆகாதீங்க"ன்னு அட்வைஸ் பண்றது சுலபம். வெறும் அக்கவுண்ட்டை வெச்சுக்கிட்டு யாராலயும் பேனிக் ஆகாம இருக்க முடியாது.

இப்போ நீங்க என்ன பண்ணணும்?

1. கட்டாயச் செலவைக் கணக்கிடுங்க. கையில 40,000 சம்பளம் வாங்குறவருக்கு உதாரணம்: வாடகை 10,000, மளிகை 7,000, இஎம்ஐ 6,000, ஊருக்கு அனுப்புறது 5,000, கரண்ட் பில், போன், பஸ் 2,000. மொத்தம் 30,000. ஸ்விகி, ஓடிடி எல்லாம் இதுல வராது.

2. ஆறு மாசம்னு மலைக்காதீங்க, ஒரு மாசத்துல ஆரம்பிங்க. 1.8 லட்சம்னு கேட்டா தலை சுத்தும். மாசம் 5,000 ஒதுக்கினா ஆறு மாசத்துல முதல் 30,000 ரெடி. போனஸ், இன்க்ரிமென்ட் வரும்போது பாதியை இதுல போடுங்க.

3. ரெண்டு பேங்க்ல வைங்க. யெஸ் பேங்க் கட்டுப்பாடு மார்ச் 18லயே நீங்குச்சு, ஆனா அந்த ரெண்டு வாரம் சம்பளக் கணக்கு அங்க மட்டும் இருந்தவங்க பாடு திண்டாட்டம். டெபாசிட் காப்பீடு ஒரு பேங்க்குக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனா அவசரத்துக்கு அது உடனே கைக்கு வராது. ஒரு மாசச் செலவு சேவிங்ஸ்ல, மீதி இன்னொரு பேங்க்ல எப்ப வேணாலும் உடைக்கக்கூடிய எஃப்டியில.

4. சொந்தமா ஹெல்த் இன்சூரன்ஸ். கம்பெனி கொடுக்குற பாலிசி, வேலை போனா கூடவே போயிடும். நோய் பரவுன பிறகு பாலிசி வாங்க ஓடுனவங்களுக்குக் காத்திருப்புக் காலம்னு ஒண்ணு குறுக்க நின்னுச்சு. நல்லா இருக்கும்போதே வாங்குங்க.

5. ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. சந்தை 30% விழுந்தா என்ன பண்ணுவேன்? வேலை போனா முதல்ல எந்தச் செலவை நிறுத்துவேன்? எந்தப் பணத்தைக் கடைசியா தொடுவேன்? இதுக்கான பதிலை இன்னைக்கு, மனசு நிதானமா இருக்கும்போது எழுதுங்க. பெரிய முடிவு எதுவா இருந்தாலும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டு, வீட்டுல ஒருத்தர்கிட்ட பேசிட்டுத்தான் எடுப்பேன்னு கடைசி வரியா சேர்த்துக்கோங்க.

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க்: வீட்டுல அப்பா அம்மாகிட்ட கேளுங்க, 2020 ஊரடங்கு நேரத்துல பணத்துக்கு என்ன பண்ணாங்க, எதை எடுத்தாங்க, எதைத் தொடலன்னு. நம்ம வீடியோவைவிட அந்தப் பதில்ல உங்களுக்குக் கத்துக்க நிறைய இருக்கும். முடிஞ்சா உங்க கட்டாயச் செலவு எவ்வளவு, இப்போ எத்தனை மாசத்துக்குக் கையில இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க. அரை மாசம்னு இருந்தாலும் கூச்சப்படாம சொல்லுங்க, அங்கிருந்து எப்படி ஏத்துறதுன்னு அடுத்த பதிவுல சேர்ந்து கணக்குப் போடுவோம்.