பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிளட்ச் தேடுதல்

முன்னுரை

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள் ஓட்டுநரின் இடது காலைக் கவனித்திருக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் ஒரு மிதியை அழுத்துகிறது, கியர் மாறுகிறது, கால் மெல்ல மேலே வருகிறது, வண்டி மீண்டும் ஏறுகிறது. அந்த மிதிக்கு மறுமுனையில் வேலை செய்யும் உறுப்பே கிளட்ச். தமிழில் ‘உரசிணைப்பி’ என்றும் கூறலாம்.

கிளட்ச் தேயக்கூடிய பொருள். தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். இன்று ஓடும் வண்டி என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதன் பெயரைச் சொன்னாலே போதும். ஆனால் செய்த தொழிற்சாலையே இல்லாமற்போன ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எப்படித் தேடுவது? ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் காரை எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண்போம். அந்தக் காரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதன் உடன்பிறப்பு ஒன்று நம் சென்னைக்கு அருகிலேயே தயாரானது.

கிளட்ச் எவ்வாறு வேலை செய்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது ஃப்ளைவீல். அதன்மேல் இருபுறமும் லைனிங் ஒட்டிய ஒரு வட்டத் தகடு இருக்கிறது. இதுவே கிளட்ச் பிளேட். இதன் நடுவிலுள்ள பல்வரிசை கியர்பாக்ஸின் தண்டில் பொருந்துகிறது. பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங்குகள் கொண்ட பிரஷர் பிளேட். மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்குகளின் பிடியைத் தளர்த்துகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரிகின்றன.

இங்கே வேலை செய்வது நாம் இயற்பியல் வகுப்பில் படித்த உராய்வு விசையே. கிளட்ச் கடத்தக்கூடிய திருப்புவிசை, உராய்வுக் கெழு, ஸ்பிரிங்கின் அழுத்தம், லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கற்பலனாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் ஸ்பிட்ஃபயரின் 1147 சி.சி. எஞ்சின் தரும் உச்சத் திருப்புவிசை சுமார் 91 நியூட்டன்-மீட்டர். பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் 136.5 ஆகிறது. உராய்வுக் கெழு 0.3, சராசரி ஆரம் 65 மில்லிமீட்டர், முகங்கள் இரண்டு என்று கொண்டால், ஸ்பிரிங்குகள் தர வேண்டிய அழுத்தம் 3500 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 357 கிலோ எடைக்குச் சமம்.

இதே கிளட்சில் ஆயில் கசிந்து உராய்வுக் கெழு 0.15 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடத்தக்கூடியது 68 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. எஞ்சின் தருவதோ 91. ஆகவே கிளட்ச் வழுக்கும். நம் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வண்டி வேகமெடுக்காமல் நின்றால், பொருள் இதுதான்.

ஒரு குடும்பத்தின் வரலாறு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1940-களின் நடுவில் ட்ரையம்ப் நிறுவனத்தை வாங்கியது. 1953-இல் ‘ஸ்டாண்டர்டு எய்ட்’ என்னும் சிறிய காருக்காக 803 சி.சி. எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த எஞ்சினே படிப்படியாக 948, 1147, 1296, 1493 சி.சி. என வளர்ந்தது. 1959-இல் வந்த ‘ஹெரால்டு’ காரில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். ஹெரால்டின் சேசிஸைச் சற்றுக் குறுக்கி, அதன்மேல் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்த இரண்டு இருக்கை உடலை ஏற்றி, 1147 சி.சி. எஞ்சினைப் பொருத்தி, 1962-இல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் காரே ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாராயின.

நம் நாட்டில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் அதன் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் ஹெரால்டு தயாரானது. 1970-களில் அதன் வழிவந்த ‘கஸெல்’ வந்தது. பின்னர் 1985-இல் வந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ விற்பனையில் தோற்றது. 1988-இல் கார் உற்பத்தி நின்றது. ஹெரால்டுக்கு உதிரிபாகம் தந்துவந்த ஊற்றும் அதோடு வற்றிப்போனது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தைச் சேர்ந்ததால் ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் அரிது. ஹெரால்டோ ஒரு காலத்தில் நம் சாலைகளில் சாதாரணமாக ஓடியது. எனவே, “ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்டின் கிளட்சைப் போட்டால் என்ன?” என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

பொருந்துவது வேறு, தாங்குவது வேறு

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 948 சி.சி. ஹெரால்டு, தொடக்ககால ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டிலும் கிளட்சின் விட்டம் 6¼ அங்குலம். ஆனால் 1959-இன் ஹெரால்டு சலூன் எஞ்சின் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. முதல் ஸ்பிட்ஃபயர் எஞ்சினோ 63 குதிரைத்திறன். விட்டம் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிடலாம். ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாவிட்டால், நாம் மேலே கண்ட கணக்கின்படி அது வழுக்கிவிடும்.

ஸ்பிட்ஃபயருக்குள்ளேயே வேறுபாடுகள் உள்ளன. முதல் மாடலில் மட்டும் சுருள் ஸ்பிரிங் கிளட்ச்; இரண்டாம் மாடலிலிருந்து டயாஃப்ரம் கிளட்ச். 1967-இல் வந்த மூன்றாம் மாடலில் 6½ அங்குல டயாஃப்ரம் கிளட்ச். 1493 சி.சி. எஞ்சின் கொண்ட கடைசி மாடலில் 7¼ அங்குலம். ஆகவே ‘ஸ்பிட்ஃபயர் கிளட்ச்’ என்று மட்டும் கேட்பது, கடைக்காரரிடம் ‘ஒரு செருப்பு’ என்று மட்டும் கேட்பதற்கு ஒப்பாகும்.

வண்டியின் தகட்டிலுள்ள எண் முதல் துப்பு. எஃப்.சி. என்று தொடங்கினால் முதல் இரண்டு மாடல்கள், எஃப்.டி. என்றால் மூன்றாவது. ஆனால் ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் மாறியிருக்கலாம், கியர்பாக்ஸும் மாறியிருக்கலாம். பல கைகள் பட்ட வண்டிக்கு அதன் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. கடைசித் தீர்ப்பு சொல்ல வேண்டியது வெர்னியர் காலிப்பரே. பிளேட்டின் வெளிவிட்டம், நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் அளவும், ஃப்ளைவீலில் போல்ட் துளைகள் அமைந்துள்ள இடைவெளி, சுருள் ஸ்பிரிங்கா டயாஃப்ரமா என்பது, ரிலீஸ் பேரிங்கின் முகம் ஆகிய ஐந்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிடைக்கும் வழிகள்

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. பிரிட்டனில் லிங்கன் நகரை அடுத்துள்ள ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகள் ட்ரையம்ப் உதிரிபாகங்களை விற்கின்றன. ஹெரால்டு சேசிஸ் வழிவந்த கார்களுக்கென்றே 1977-இல் தொடங்கிய ‘ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்’ என்னும் சங்கமும் அங்கே உண்டு. நிச்சயமான வழி இதுவே. ஆனால் அனுப்புகூலியும் சுங்கவரியும் சேர்ந்து விலையை ஏற்றிவிடும். தவறான அளவைக் கேட்டுவிட்டால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

இரண்டாவது, பழைய இருப்புகளைத் தேடுவது. சென்னை புதுப்பேட்டை பழைய வாகன உறுப்புகளுக்குப் பெயர்போனது. பழைய உதிரிபாகக் கடைகளின் பரணிலும் பிரிக்காத பெட்டிகள் கிடைப்பதுண்டு. ‘ஸ்டான்பார்ட்’, ‘போர்க் அண்ட் பெக்’ என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் நின்று பார்க்கலாம். அங்கேயும் பெட்டியின்மேல் உள்ள எழுத்தை நம்பாமல் உள்ளே இருப்பதை அளந்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, பழையதையே புதுப்பிப்பது. இது நம் பட்டறைகள் நன்கு அறிந்த வழி. பிளேட்டின் நடுப்பகுதியும் அதன் சிறு ஸ்பிரிங்குகளும் நன்றாக இருந்தால், தேய்ந்த லைனிங்கை நீக்கிப் புதிய லைனிங்கை ரிவெட் அடித்துவிடலாம். சென்னையில் 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் போன்ற நிறுவனங்களால் கிளட்ச் லைனிங் செய்யும் தொழில் நம் மாநிலத்திலேயே வேரூன்றியுள்ளது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் வரி விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்யலாம். சுருள் ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே உயரம் நிற்கின்றனவா என்று வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று குட்டையானாலும் தொகுப்பாகவே மாற்றுவது நன்று. விரிசல் விட்ட பாகத்தை மட்டும் எக்காரணத்தாலும் மீண்டும் போடலாகாது. வேகமாகச் சுழல்கையில் அது சிதறினால் உயிருக்கே ஆபத்து.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

“கிளட்ச் போய்விட்டது” என்று சொல்லப்படுகிற எல்லா வண்டிகளிலும் கிளட்ச் போயிருப்பதில்லை. ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் மிதியின் அழுத்தத்தைக் கடத்துவது எண்ணெய். மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு ரப்பர் சீல் கிழிந்தாலும் கியர் விழாது. அந்த ரப்பரின் விலை கிளட்சின் விலையில் ஒரு சிறு பங்கே. வழுக்கினால் கிளட்சையும் ஆயில் கசிவையும் பார்க்க வேண்டும். பிரியாவிட்டால் முதலில் சிலிண்டர்களைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கார்களில் கியர்பாக்ஸை இருக்கைப் பக்கமாக, வண்டியின் உள்ளே இருந்துதான் எடுக்க வேண்டும். இருக்கைகளையும் நடு மூடியையும் கழற்றியாக வேண்டும். இவ்வளவு வேலை இருப்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவதே சிக்கனம். ஆயில் கசிவையும் அப்போதே நிறுத்தாவிட்டால் புதிய லைனிங்கும் பழையதன் வழியே போகும்.

“பலமான ஸ்பிரிங் போட்டால் பிரச்சினையே இல்லை” என்பது மற்றொரு தவறான எண்ணம். மிதியை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை மெல்லிய பிறைவடிவ வாஷர்கள். இந்த எஞ்சின் குடும்பத்தின் பலவீனமான இடம் அதுவே. தேவைக்கு மேற்பட்ட அழுத்தம் கிளட்சைக் காத்து எஞ்சினைக் கெடுத்துவிடும்.

இறுதியாக ஒன்று. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை செய்பவரின் நுரையீரல், காரைவிட மேலானது.

முடிவுரை

ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது இயந்திரங்கள் மட்டும் போவதில்லை. எந்த உறுப்பு எதற்குப் பொருந்தும் என்னும் அறிவும் கலைந்துபோகிறது. அந்த அறிவில் பெரும்பகுதி இன்று முதிய மெக்கானிக்குகளின் நினைவிலும் அழுக்கேறிய குறிப்புநோட்டுகளிலும் தங்கியுள்ளது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். வெர்னியரைப் பிடிக்கக் கற்ற மாணவர்கள் ஒரு நாள் அவர்களிடம் சென்று, கழற்றிய உறுப்புகளை அளந்து, அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வைத்தால், ஆய்வகப் பயிற்சிக்குப் பயிற்சியும் ஆகும்; நாளை ஒருவர் தம் பழைய காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரவும் அது உதவும்.