கன்றுக் கழிச்சலும் சீம்பாலும்

பசு ஈன்றபின் நஞ்சுக்கொடி விழும்வரையில் கன்றை ஊட்டவிடாமல் தடுப்பது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. அநேகம் கன்றுகள் கழிச்சல் கண்டு மடிவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புச் சத்து கருப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. கன்றுக்கோ அது சீம்பாலிலுள்ள புரதத்தின் மூலமாகவே கிடைக்கவேண்டும். அப்புரதம் சிதையாமல் குடல் வழியாக இரத்தத்திற் சேர்வது பிறந்த சில மணி நேரத்தில் மிகுதி; சுமார் 24 மணி நேரத்தில் அவ்வழி அடைபட்டுவிடும்.

ஆகையால், கன்று பிறந்த 2 மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல் அவசியம். 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டராவது வேண்டும். எழ மாட்டாத கன்றுக்குக் கறந்து புகட்டுக. ஊட்டுவதால் நஞ்சுக்கொடி விழுவதற்கும் அனுகூலமே.

சீம்பாலைப் பலகாரத்திற்கு விரும்புவோர் கன்று குடித்து மிஞ்சியதையே எடுத்துக்கொள்வாராக.