அலசல் போதும், முடிவுக்கு வாருங்கள்

எக்ஸெல் தாளைக் கொடுத்தால் சிலர் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். "சரி, எந்த சப்ளையருக்கு ஆர்டர் போடலாம்?" என்று மேனேஜர் கேட்டதும், "இன்னும் கொஞ்சம் டேட்டா வரட்டும் சார்" என்பார்கள். புதுச்சேரியின் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு இந்தப் பழக்கம் பதவி உயர்வையே தள்ளிப்போட்டுவிடும். அலசுவது ஒரு திறமை, முடிவெடுப்பது வேறொரு திறமை. முதலாவது வளர்ந்தால் இரண்டாவது தானே வந்துவிடாது.

முடிவு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கடற்படைத் தலைவர் லபூர்தொனே. கூடாது என்றார் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸ். இருவரிடமும் நல்ல வாதங்கள் இருந்தன. ஐப்பசிப் புயல் மட்டும் வாதம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அக்டோபர் நடுவில் ஒரே இரவில் லபூர்தொனேயின் கப்பல்கள் பலவற்றை அது நாசமாக்கியது. வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்று இந்தக் கரையில் தெரியாதவர் யார்? ஆகவே அலசத் தொடங்கும் முன்பே கெடு தேதியைக் குறித்துவிடுங்கள்.

அதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மறுவருடமே துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், ஆனவர். 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன சேதி கொண்டுவந்தார், கவர்னர் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார் என்று எல்லாமே அதில் பதிவாகியிருக்கின்றன. வரலாற்றுக்காரர்களுக்கு அது புதையல். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு பயிற்சி முறை என்பது என் கருத்து.

முடிவு சொல்லும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: நானே பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, என்ன முடிவு, ஏன். தேதி போடுங்கள். எழுதாவிட்டால், விளைவு தெரிந்தபின் "அப்பவே நினைச்சேன்" என்று மனசு கதை கட்டிவிடும். எழுதியிருந்தால், அலசல் எங்கே சறுக்கியது, தயக்கம் எங்கே கெடுத்தது என்று தனித்தனியாகத் தெரியும். இந்த வாரம் எடுக்கவேண்டிய சின்ன முடிவு ஒன்றிலேயே ஆரம்பியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.