எஸ்க்யூஎல் சர்வரில் இடத்தை மிச்சப்படுத்த…

1. டேபிள்களைச் சுருக்கி வைக்கும் கம்ப்ரெஷன் வசதி 2008 பதிப்பில் வந்தது. அப்போது என்டர்பிரைஸ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். 2016 சர்வீஸ் பேக் 1 முதல் ஸ்டாண்டர்டிலும், இலவசமான எக்ஸ்பிரஸிலும்கூட உண்டு. 2022 வரையிலான எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த வரம்பை நெருங்கி மூச்சுத் திணறும் சிறு அலுவலகங்கள் புது லைசென்ஸுக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

2. இதில் ரோ, பேஜ் என இரண்டு வகை. நான்கு பைட் ஒதுக்கிய எண் நெடுவரிசையில் 7 என்று இருந்தால், ரோ வகை அதை ஒரே பைட்டில் வைக்கும். நிலையான நீளமுள்ள எழுத்து நெடுவரிசைகளின் கடைசியில் நிற்கும் வெற்றிடங்களையும் களையும். பேஜ் வகை இதோடு நிற்காது. ஒவ்வொரு 8 கேபி பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் குறிப்பு மட்டும் போட்டுவிடும். ஊர்ப் பெயர், பொருள் வகை போன்றவை நிறைந்த டேபிளுக்கு இதுதான் ஏற்றது.

3. அளந்து பார்க்காமல் எதையும் சுருக்காதீர்கள். ‘எஸ்பி எஸ்டிமேட் டேட்டா கம்ப்ரெஷன் சேவிங்ஸ்’ என்ற புரொசீஜர் ஒரு மாதிரியை எடுத்து, எவ்வளவு குறையும் என்று சொல்லிவிடும். பலரும் தாண்டிப் போகும் படி இது. குறைவது சொற்பம் என்றால் அந்த டேபிளை விட்டுவிடுங்கள்; சுருக்கவும் விரிக்கவும் சிபியு உழைக்க வேண்டுமே.

4. பழைய பில்கள், லாக் பதிவுகள் போல எழுதி முடித்து, படிக்க மட்டும் எடுப்பவற்றுக்குப் பேஜ். ஓயாமல் அப்டேட் ஆகும் டேபிளுக்கு ரோ போதும். பார்ட்டிஷன் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகை வைக்கலாம்.

5. டேபிளைச் சுருக்கினால் அதன் நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸ்கள் தாமாகச் சுருங்காது. அவற்றையும் ஒவ்வொன்றாக ரீபில்ட் செய்ய வேண்டும்.

6. தமிழில் பெயரும் முகவரியும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: என்வார்கேரில் ஓர் எழுத்துக்குறி இரண்டு பைட் பிடிக்கும். 2008 ஆர்2 முதல், ரோ, பேஜ் எதை இட்டாலும் யூனிகோடு சுருக்கமும் சேர்ந்தே நடக்கிறது. இந்தி உரை பாதியாகும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் கணக்கு. தமிழும் 128 இடங்கள் கொண்ட ஒரே தொகுதியில் அடங்குவதால், அதே முறையில் குறியொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பைட்டாகச் சுருங்கும். என்வார்கேர் மேக்ஸுக்கு மட்டும் இந்தப் பலன் கிடையாது.

7. ரீபில்டை ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் வையுங்கள். முடியும்வரை பழைய பிரதி, புதிய பிரதி இரண்டுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும். லாக் ஃபைலும் வீங்கும். டேபிளைப் பூட்டாமல் ஆன்லைனில் செய்வது இன்றும் என்டர்பிரைஸில்தான் முடியும்.

8. வேலை முடிந்ததும் டேட்டா ஃபைலை ‘ஷ்ரிங்க்’ செய்யும் ஆசை வரும். செய்தால் இண்டெக்ஸ் பக்கங்கள் கலைந்து சிதறும். காலியான இடம் உள்ளேயே இருக்கட்டும், நாளைய டேட்டாவுக்கு ஆகும்.

9. பேக்கப் கம்ப்ரெஷன் வேறு வசதி. அதைத் தனியே ஆன் செய்ய வேண்டும்.