மலையூரின் விருந்தினர்

விருந்தோம்பல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் பண்பாகும். வந்தவரை வரவேற்று, இன்சொல் கூறி, உணவளித்துக் காப்பது இல்லத்தார் கடமை என்பதை யாவரும் அறிவர். ஆயின், விருந்தினராய்ச் செல்வோர்க்கும் கடமைகள் உண்டு. தமக்கும் தீங்கு நேராமல், தம்மை ஏற்ற இல்லத்திற்கும் தீங்கு நேராமல் நடந்துகொள்பவரே நல்ல விருந்தினர் ஆவர். மலைமீதுள்ள ஓர் ஊருக்குச் செல்வோர்க்கும் இவ்வறம் பொருந்தும். கொடைக்கானலைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. வெப்பத்தையும் நோயையும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் 1845ஆம் ஆண்டில் இங்கு மாளிகைகள் அமைத்துத் தங்கினர். மதுரை மாவட்டத்தின் ஆட்சித் தலைவராய் இருந்த லெவிஞ்சு என்பார், 1863ஆம் ஆண்டில் ஓடைநீரைத் தேக்கி இங்குள்ள ஏரியை உண்டாக்கினார். எனவே, இவ்வேரி மனிதரால் ஆக்கப்பட்டது. மனிதரால் காக்கப்பட வேண்டியது.

வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் மலைப்பாதைகள் கொடைக்கானலுக்கு ஏறுகின்றன. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கு. இறங்கும் வண்டி, ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுதல் முறையாகும். ஏனெனில், ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் நகர்த்துதல் அரிது. இறங்கும்போது தடையை ஓயாது அழுத்திக்கொண்டே சென்றால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆதலின், விசைப்பொறியே வேகத்தை அடக்குமாறு தாழ்ந்த பல்லிணையில் வண்டியைச் செலுத்துவர் தேர்ந்த ஓட்டுநர். மூடுபனி சூழ்ந்தால் விளக்கொளியைத் தாழ்த்தி மெல்லச் செல்லுதல் வேண்டும். பேருந்தில் செல்வோர் தலையையும் கையையும் சாளரத்திற்கு வெளியே நீட்டலாகாது.

ஆயிரம் மீட்டர் உயர ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். ஆகவே, சமவெளியில் புழுங்கும் நாளிலும் மலைமேல் குளிர் வாட்டும். கம்பளியாடை கொண்டுசெல்லுதல் நன்று. குளிருக்கு அஞ்சிச் சிலர் அறையின் கதவையும் பலகணியையும் அடைத்துவிட்டு, உள்ளே கரியடுப்பு மூட்டுவர். இஃது உயிருக்கே இறுதியாகும். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி எழுகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலின், உறங்குவோர் அதனை உணராமலே உயிர் துறப்பர். கரியடுப்பை எக்காரணத்தாலும் அறைக்குள் வைத்தலாகாது.

இம்மலையில் 400 அடி உயர்ந்து நிற்கும் தூண் பாறைகள் உள்ளன. அவற்றை அடுத்து, குணா குகை என இந்நாளில் வழங்கும் ஆழ்ந்த பாறைப்பிளவுகள் உள்ளன. கேரளத்தின் மஞ்ஞும்மல் என்னும் ஊரினின்று 2006ஆம் ஆண்டில் இளைஞர் சிலர் இங்கு வந்தனர். விலக்கப்பட்ட பகுதிக்குள் அவர்கள் சென்றபோது, ஒருவர் பிளவில் வீழ்ந்தார். முன்னரும் பலர் வீழ்ந்து மாண்ட இடம் அது. எனினும், நண்பர் ஒருவர் கயிற்றைப் பற்றி அவ்விருளில் இறங்கி, வீழ்ந்தவரை உயிருடன் மேலே கொணர்ந்தார். அவருடைய துணிவைப் பாராட்டி நடுவண் அரசு பதக்கம் வழங்கியது. அத்துணிவு போற்றத்தக்கதே, ஆயின், அத்தகைய துணிவுக்குத் தேவை நேராதவாறு நடந்துகொள்வதே அறிவுடைமையாம். வேலி காட்சியை மறைப்பதற்கு அன்று, உயிரைக் காப்பதற்கே கட்டப்படுகின்றது.

ஏரியில் படகேறுவோர் மிதவைச் சட்டை அணிதல் வேண்டும். படகில் எழுந்து நின்று ஆடுதல் தகாது. ஏரியில் எப்பொருளையும் எறிதலும் தகாது. ஏரி நிரம்பி வழியும் நீரே மலைப்பாதையின் ஓரத்தில் வெள்ளி அருவியாக வீழ்கின்றது. மேலே ஏரியில் ஒருவர் எறிந்த குப்பை, கீழே அருவியைக் கண்டு மகிழ நிற்பவரின் காலடிக்கு வருமன்றோ? மலையின் தென்புற ஓடைகள் பல வைகையையும், வடபுற ஓடைகள் பல அமராவதியையும் சென்றடைகின்றன. ஆதலின், மலைமேல் நீரை மாசுபடுத்துவோர் சமவெளியில் வாழ்வார் பருகும் நீரையே மாசுபடுத்துகின்றனர். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்தது. துணிப்பையும் நீர்க்குடுவையும் உடன் கொண்டுசெல்வார்க்கு இத்தடையால் இடர் ஏதும் இல்லை.

இம்மலையின் மடிப்புகளில் சோலைக்காடுகளும், அவற்றைச் சூழ்ந்து புல்வெளிகளும் உள்ளன. இவை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றன. உலர்ந்த புல்லில் வீழும் ஒரு தீப்பொறி மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடும். காட்டுமாடுகள் சிலவேளைகளில் தெருவிலும் நடமாடுகின்றன. அவை அமைதியாகத் தோன்றினும், அணுகிச் சென்றால் பாய்ந்து தாக்கும். குரங்குகளுக்குத் தின்பண்டம் அளித்தல் இரக்கமாகத் தோன்றலாம். ஆனால், அப்பழக்கம் அவற்றைப் பறித்துண்ணும் விலங்குகளாக்கிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018ஆம் ஆண்டில் மலர்ந்தது. அம்மலர் விதையாகி முளைத்தால்தான் அடுத்த பூப்பு உண்டு. பறிப்பவர் பெறுவது ஒருநாள் மகிழ்ச்சி. மலை இழப்பதோ வருங்காலத்துச் செடி.

வண்டிகளின் பெருக்கத்தால் மலைக்கு ஊறு நேர்வதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் இவ்வூருக்கு இ-பாஸ் எனப்படும் நுழைவுச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. விருந்தினர் அளவிறந்து வந்தால் இல்லம் தாங்காது என்பதே இதன் கருத்து. கூட்டம் மிக்க நாள்களைத் தவிர்த்து ஏனைய நாள்களில் செல்வோர் மலைக்கும் உதவுவர்; தாமும் அமைதியாக இன்புறுவர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனையும் பேரிக்காய் முதலிய விளைபொருள்களையும் விளைவித்தவரிடமே வாங்கினால், அவர்தம் உழைப்புக்கு ஊதியம் சேரும். பளியர் முதலிய மலைவாழ் மக்களைக் காட்சிப்பொருளாகக் கருதாமல், அவர்தம் இசைவின்றிப் படம் எடுக்காமல், மதித்துப் பழகுதல் பண்புடையார் செயலாகும்.

மலை பேசாது, தனக்கு நேர்ந்த துன்பத்தை எடுத்துரைக்கவும் அறியாது. வற்றிய ஓடையும் கருகிய சரிவுமே அதன் மொழி. அம்மொழி எழாதவாறு நடந்துகொள்வோரே மலையூரின் உண்மையான விருந்தினர். அவர் சென்ற பின்னும், அடுத்து வருவார்க்கென ஏரி தெளிந்தே இருக்கும். சோலை பசுமையாகவே நிற்கும்.