கல்லூரியில் வேலை பார்ப்பவரா? இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலம் வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, டிபன் பாக்ஸும் பாடக்குறிப்புமாக தென்காசி பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு சீசன் என்றால் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-லிருந்து இயங்குகிறது. நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கப்பட்டது. தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் அதனுடன் இணைந்தவை. இங்கெல்லாம் மாணவர் நலன் பற்றி நிறையப் பேசுகிறோம். பாடம் நடத்துகிறவர், ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன் நலனை யார் பேசுவது?

முதலில் நேரக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் உதவிப் பேராசிரியரின் நேரடி வகுப்பு 16 மணி நேரம். மீதியெல்லாம் தயாரிப்பு, விடைத்தாள், மதிப்பெண் பதிவு, ஆய்வு. நாக் குழு வருகிற வருஷம் என்றால் ஃபைல் வேலை தனி! கணக்கில் வராத அந்த வேலைகளை ஒரு மாதத்துக்குக் குறித்து வையுங்கள். துறைத் தலைவரிடம் பேசும்போது "ரொம்ப வேலை" என்று சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

அடுத்தது தொண்டை. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில், மழைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால் குரல் நாண் வீங்கும். மைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூன்று வாரம் கடந்தும் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பனங்கற்கண்டு பாலோடு நிறுத்திவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதன் தலைவர் மூத்த பெண் பணியாளராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்தும் ஒருவர்.

"நான் கௌரவ விரிவுரையாளர்தானே", "நான் கான்ட்ராக்ட் ஆளுதானே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி என எல்லோரையும் இந்தச் சட்டம் பணியாளர் என்றே சொல்கிறது. வேறு கல்லூரிக்குத் தேர்வுப் பணிக்குப் போன இடமும், நிர்வாகம் ஏற்பாடு செய்த வண்டியும்கூட பணியிடம்தான்.

கவனிக்க வேண்டியது காலக்கெடு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். "செமஸ்டர் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருந்தால் நாள் ஓடிவிடும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அந்த விடுப்பு உங்கள் வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. புகார் தந்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது.

புகாரே நிர்வாகத்தின் தலைமை மீது என்றால்? அதற்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. எப்படி அணுகுவது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181.

மகப்பேறு விடுப்பு பற்றியும் ஒரு வரி. அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை 1 முதல் அது 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது.

கடைசியாக, மனசு. தூக்கம் வராமல் இருப்பது, காலையில் வேலைக்குப் போகவே பிடிக்காமல் இருப்பது, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் யாரிடமாவது பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் ஊரே அறியும் என்கிற பயம் நியாயமானதுதான். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். கட்டணம் கிடையாது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், ராத்திரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதும்கூட.